அக்காவுக்கு, நவம்பர் 24

அக்கா,

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்காததற்கு மன்னித்துவிடுங்கள். எடுத்தால் "எப்போது ஊருக்கு வருகிறாய்" என்பீர்கள், நானும் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். இந்த டிசம்பரில் நான் வரவில்லை. இங்கே டான்சானியாவில் என் ஆசிரியர் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டாயிற்று. நாலு பேர் படிக்கும் இடத்தில் இதை எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. தனியாக எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

2021இல் இதே நாளில்தான், பிள்ளை பெற்ற மாணவிகள் மீண்டும் பள்ளிக்கு வரலாம் என்று டான்சானியக் கல்வி அமைச்சர் அறிவித்தார். நீங்கள் அதற்குள் கோவை போய்விட்டீர்கள். நம் ஸ்டாஃப் ரூமில் யாரும் வாயைத் திறக்கவில்லை. 2017இல் அதிபர் மகுஃபுலி, தான் பதவியில் இருக்கும்வரை அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பள்ளியில் இடமில்லை என்றபோது அங்கே எத்தனை தலைகள் ஆடின!

பள்ளியின் பெயரையும், கர்ப்பமானதால் அங்கிருந்து அனுப்பப்பட்ட நம் மாணவியின் பெயரையும் எழுதமாட்டேன். அவள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாள்.

அந்தக் கர்ப்பப் பரிசோதனை நாள்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. பெண் பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்தி, சிறுநீர் பிடிக்க ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார்கள். பையன்கள் வெளியே பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மதியம் அவள் பையோடு கேட்டைத் தாண்டியதும் நீங்கள் பின்னாலேயே ஓடினீர்கள். டலாடலா மினி பஸ்ஸில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உங்கள் சால்வையைச் சீருடைமேல் சுற்றிவிட்டு, கன்னத்தைத் தடவினீர்கள். அன்று உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

கோபம் பிறகுதான் வந்தது. மறைய வேண்டியவள் அவளா அக்கா? மாணவியைக் கர்ப்பமாக்கினால் 30 வருடச் சிறை என்று 2016இலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். யார் அவன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "நாம் பிழைக்க வந்தவர்கள், விசா போய்விடும்" என்றீர்கள். அது உண்மைதான். உங்கள் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருந்தது. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

நீங்கள் போன பிறகு அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள். 1971ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டப்படி ஆணுக்கு 18 வயது ஆக வேண்டும், தகப்பன் சம்மதித்தால் பெண்ணுக்கு 15 போதும். அதை மாற்றத்தான் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. நீதிமன்றம் சொன்னதெல்லாம் அவள் வீடு வரை வரவில்லை. சந்தையில் தக்காளி விற்கும் அவள் அம்மாதான் ஒற்றை ஆளாக நின்று தடுத்தார். விவரத்தை இங்கே எழுத முடியாது.

தடை நீங்கிவிட்டது, சரி. பகல் முழுக்கக் குழந்தையை யார் பார்ப்பது? அவளால் சீருடை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக முடியவில்லை. பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுதுவதற்கான தகுதித் தேர்வை முடித்துவிட்டாள். அடுத்த நவம்பரில் நான்காம் ஃபாரம் தேர்வை, அதாவது இங்குள்ள உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வை, தனித்தேர்வராக எழுதப் போகிறாள். சாயங்காலம் குழந்தையோடு என் வீட்டுக்கு வருகிறாள், கணக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். உயிரியலுக்குத்தான் ஆள் இல்லை. உங்களைப் போல யாரும் அதை நடத்தியதில்லை என்று இன்னும் சொல்கிறாள். எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நிஜம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் ஒரு மணி நேரம் அவளுக்குப் பாடம் நடத்துவீர்களா? முடியாதென்றால் முடியாது என்றே எழுதுங்கள், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.