கேட்ட மருந்தை அனுப்புங்கள்

ஆசிரியருக்கு,

வெளிநாடுகளில் பேரிடர் வரும்போது நம் பக்கத்து மருத்துவமனைகளும் உதவ வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் எதை அனுப்புவது என்பதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, ஒரு கல்யாண மண்டப முகாமில் மருந்து கொடுக்கப் போயிருந்தேன். வெளியூர் மருத்துவமனை ஒன்று எட்டுப் பெட்டி அனுப்பியிருந்தது. பிரித்தால் பாதிக்கு மேல் சாம்பிள் மாத்திரையும் சத்து டானிக்கும். சில அட்டைகளில் காலாவதித் தேதி இருந்த ஓரமே இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து தரம் பிரிக்க ஒரு பகல் போயிற்று. வந்தவர்கள் கேட்டதோ இன்சுலினும் பிரஷர் மாத்திரையும். அப்புறம் இன்சுலின் கிடைத்தபோது கரண்ட் இல்லை. மீன் வியாபாரி ஒருவரின் ஐஸ் பெட்டியில், உறைந்துவிடாமல் துணி சுற்றி வைத்தோம். (வாடை போக இரண்டு நாள் ஆனது.)

உள்ளூரிலேயே இந்தக் கதி என்றால் கடல் தாண்டி? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பாதிக்கு மேல் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பல அட்டைகளில் இருந்த மொழி அங்குள்ளவர்களுக்குப் புரியவில்லை. உதவாததை அழிப்பதே தனிச் செலவாயிற்று. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வகுத்திருந்தது: அவர்கள் தேவைக்கு, அவர்கள் சம்மதத்தோடு அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடம் ஆயுள் வேண்டும், சாம்பிள் கூடாது.

2022-ல் இலங்கை மருந்தில்லாமல் தவித்தபோது தமிழக அரசு 137 வகை அத்தியாவசிய மருந்துகளை 28 கோடி ரூபாய்க்கு அனுப்ப முடிவெடுத்தது. வகை எண்ணிச் செய்த காரியம் அது. அந்த நிவாரணக் கப்பல்களில் ஒன்று நம் தூத்துக்குடியிலிருந்துதான் கிளம்பியது.

ஆள் அனுப்புவதும் அப்படியே. 2023 துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன நம் ராணுவ மருத்துவக் குழு எக்ஸ்ரே, வென்டிலேட்டர் எல்லாம் கையோடு கொண்டு போனது. தங்க இடமும் சாப்பாடும் அங்கே போய்க் கேட்கிற குழு அவர்களுக்குப் பாரம்தான். அந்த அளவுக்கு வசதி இல்லாத மருத்துவமனைகள் பணமாகக் கொடுக்கலாம், குழுவில் சேர விரும்பும் நர்ஸுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரலாம்.

மருந்துதான் என்றால், பெட்டியைக் கட்டுமுன் ஒரு மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் இங்கே சும்மாதான் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை