என் திட்டத்தைப் பாதியாகக் குறைத்தவர்களுக்கு நன்றி

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவில் எனக்கு வழிகாட்டிய இருவருக்கும், நிரல் மாற்றங்களைச் சரிபார்க்கும் தளமான ஜெரிட்டில் என் நிரலைப் பொறுமையாகப் படித்துத் திருத்திய எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் என் கடைசி மாற்றமும் இணைக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர்கள் ஊதியத்துடன் வேலை பழகும் அவுட்ரீச்சி பயிற்சியின் மூன்று மாதமும் முடிந்தது. தனித்தனியாக நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் நீங்கள் செய்ததை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றுக்குத் திட்டம் எழுதப்போகும் வழிகாட்டிகள் இதைப் படித்தால் இன்னும் நல்லது.

இதற்கு முன் வேறொரு கட்டற்ற மென்பொருள் குழுவில், வந்த புதிதிலேயே தேடல் பகுதி முழுவதையும் திருத்தி எழுதச் சொன்னார்கள். அதை எப்படி எழுதுவது என்று அங்கிருந்த மூத்தவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. நான் அனுப்பியதெல்லாம் பதிலில்லாமல் கிடந்தது. நமக்கு இது வராது என்று லேப்டாப்பை மூடிவிட்டேன். குறை என்னிடம் இல்லை, திட்டத்தில் இருந்தது என்பது உங்களிடம் வந்த பிறகுதான் புரிந்தது.

நீங்கள் முதலில் கொடுத்தது ஒரே ஒரு வரி வேலை. திரையில் 'ஓப்பன்' என்று வரும் ஒரு சொல்லுக்கு, மொழிபெயர்ப்பவர்களுக்கான குறிப்பு எழுத வேண்டும். அது பொத்தான் என்றால் தமிழில் 'திற'; நிலையைச் சொல்கிறது என்றால் 'திறந்துள்ளது'. குறிப்பு இல்லாவிட்டால் டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் உட்கார்ந்திருப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். தமிழ் தெரிந்த எனக்கு அதன் அருமை உடனே விளங்கியது. அந்த ஒரு வரியை அனுப்ப மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருக்க வேண்டிய அடையாளக் குறியான சேஞ்ச்-ஐடி இல்லை என்று ஜெரிட் திருப்பியனுப்பியது. என்ன மாற்றினேன் என்று விளக்கும் கமிட் செய்தியை இரண்டு முறை மாற்றி எழுதினேன். ஒருவர் 'இன்னும் திருத்த வேண்டும்' என்ற பொருளில் -1 போட்டு, ஏன் என்றும் நாலு வரி எழுதினார். பிறகு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமான +2 வந்தது. போக வேண்டிய பாதை முழுவதையும் சுமையில்லாமல் ஒருமுறை நடக்க வைத்துவிட்டீர்கள்.

விண்ணப்பத்தில் நான் ஐந்து வசதிகளை அடுக்கியிருந்தேன். அதில் இரண்டை மட்டும் விட்டுவைத்தீர்கள். "பழகியவருக்கு இரண்டு வாரம் ஆகும் வேலைதான் புதியவருக்கு மூன்று மாதம்" என்று நீங்கள் எழுதியதை அன்று படித்தபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஏழாவது வாரத்தில் என் நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் தொடர்ந்து தோற்றபோது, அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்று தெரிந்தது. இன்னொருவர் முடித்துத் தந்தால்தான் நகரும் என்ற நிலை ஒருநாளும் எனக்கு வரவில்லை. அப்படிப்பட்ட பகுதிகளை முன்பே விலக்கியிருந்தீர்கள்.

ஒரு திட்டத்துக்கு இரண்டு வழிகாட்டிகள் எதற்கு என்று ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. உங்களில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் இருந்த இரண்டு வாரமும், ராத்திரி நான் கேட்டுவைத்த கேள்விக்கு மற்றவரின் பதில் காலையில் காத்திருக்கும்.

வாரம் 30 மணி நேரம் நான் உட்கார்ந்து வேலை பார்க்க, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட என் அத்தைக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

நாம் வேலை செய்த நீட்சியில் (விக்கி மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரலில்) சரியான குறிப்பு இல்லாத சொற்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை. அடுத்த சுற்றில் வருகிறவர்களுக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து