முத்திரை அழிக்கப்பட்ட, ஆணி நீக்கப்படாத பேலட் பலகைகள் குறித்த புகார்

அனுப்புநர்
தச்சுப் பட்டறை உரிமையாளர்,
வாலாஜாபாத், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பயன்படுத்திய மரப் பேலட் மற்றும் பலகை விற்பனை நிறுவனம்,
ஒரகடம்.

நாள்: 14.10.2025

பொருள்: வெப்பப் பதனம் செய்யப்பட்ட, ஆணி நீக்கிய ஐரோப்பிய பேலட் பலகைகள் என்று கூறி விற்கப்பட்ட சரக்கில் கலப்படம் இருந்தது குறித்தும், முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரியும்.

பார்வை: எனது 09.09.2025 நாளிட்ட ஆர்டர், தங்களது 16.09.2025 நாளிட்ட விற்பனைப் பட்டியல், 24.09.2025 அன்று நான் வாட்ஸாப்பில் அனுப்பிய 46 படங்கள், தங்களது 03.10.2025 நாளிட்ட மறுமொழி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் வாலாஜாபாத்தில் சிறிய தச்சுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான படிப்பு மேசை, புத்தக அலமாரி, முக்காலி ஆகியவற்றைப் பயன்படுத்திய பேலட் மரத்தில் செய்து விற்பதே என் பிழைப்பு. பேலட் என்பது சரக்குகளை அடுக்கி ஏற்றியிறக்கும் மரத் தட்டு. பட்டறையில் நானும் உதவிக்கு ஒரு பையனும் மட்டுமே இருக்கிறோம்.

கடந்த ஆறு ஆண்டுகளாக முழுப் பேலட்டுகளை வாங்கி நானே பிரித்து வந்தேன். இப்போது எனக்கு வயது 58. தோள்பட்டை வலியால் கடப்பாரையை நீண்ட நேரம் பிடிக்க முடியாத நிலை வந்ததால்தான், தங்கள் நிறுவனம் விற்கும் பிரித்த பலகைகளுக்கு மாறினேன். தங்களிடம் முழுப் பேலட் ஒன்றின் விலை 400 ரூபாய். அதே பேலட்டைப் பிரித்து, ஆணி நீக்கி, முத்திரை பார்த்துத் தரம் பிரித்துத் தருவதற்கு 650 ரூபாய். இடையில் உள்ள 250 ரூபாயை நான் மரத்துக்காகக் கொடுக்கவில்லை. பிரித்தல், ஆணி எடுத்தல், தரம் பார்த்தல் என்ற மூன்று வேலைகளுக்காகவே கொடுத்தேன். அந்த மூன்றில் ஒன்றும் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பதே இக்கடிதத்தின் சாரம்.

நான் கேட்டது 1200க்கு 800 மில்லிமீட்டர் அளவுள்ள 40 ஐரோப்பிய பேலட்டுகளின் பலகைகளும், அவற்றை இடையில் தாங்கும் கட்டைகளும். அந்த வகைப் பேலட் ஒன்றில் 11 பலகைகளும் 9 கட்டைகளும் 78 ஆணிகளும் இருக்கும். பலகைகளில் எட்டு 1200 மில்லிமீட்டர் நீளமும் மூன்று 800 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. ஆக எனக்கு வர வேண்டியவை 320 நீளப் பலகைகள், 120 குட்டைப் பலகைகள், 360 கட்டைகள். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறை முழுவதும் தரத்தில்தான்.

முதலில் முத்திரையைப் பற்றி எழுதுகிறேன். தங்கள் விளம்பரத்திலும் பட்டியலிலும் 'ஹெச்.டி. முத்திரையிட்டவை மட்டும்' என்று அச்சிடப்பட்டுள்ளது. நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் பூச்சியும் பூஞ்சையும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக, 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி ஏற்கப்பட்டது. அதன்படி கோதுமைக் கதிர் போன்ற சின்னம், நாட்டின் குறியீடு, பதனம் செய்தவரின் எண், பதன முறையின் குறியீடு ஆகியவை மரத்தில் பதிக்கப்பட வேண்டும். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையாமல் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது என்று பொருள். தொழிலில் இருக்கும் தங்களுக்கு இது தெரியாததல்ல. இக்கடிதத்தை நாளை வேறொருவர் படிக்க நேரலாம் என்பதால் விளக்கி எழுதுகிறேன்.

இந்த முத்திரை பெரும்பாலும் பலகையில் இருக்காது, பக்கவாட்டில் தெரியும் கட்டையில்தான் இருக்கும். பேலட் முழுதாக இருக்கும்வரை வாங்குபவர் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிரித்த கணத்திலேயே பலகைக்கு ஊரும் பேரும் போய்விடுகிறது. பிரித்த பலகையை வாங்குபவர் விற்பவரின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. என் நல்ல காலம், முக்காலிக் கால்களுக்காகக் கட்டைகளையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். அவை சாக்கு மூட்டைகளில் வந்தன. 360 கட்டைகளையும் ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் மாலை அதிலேயே கழிந்தது.

ஹெச்.டி. முத்திரை தெளிவாகத் தெரிந்தவை 34. எம்.பி. என்று பதிந்தவை 22. முத்திரை இருந்த இடம் இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் தேய்க்கப்பட்டுக் குழிவிழுந்து கருகியிருந்தவை 24. பேலட் ஒன்றுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு முத்திரைகள் என்ற வழக்கப்படி 40 பேலட்டுகளுக்கு 80 முத்திரைகள் இருக்க வேண்டும். மேற்கண்ட மூன்றையும் கூட்டினால் சரியாக 80 வருகிறது. அதாவது, 17 பேலட்டுகள் மட்டுமே தாங்கள் சொன்னபடி இருந்தன. 11 பேலட்டுகள் புகையூட்டப்பட்டவை. மீதி 12 எப்படிப்பட்டவை என்பது தேய்த்தவருக்கே வெளிச்சம். இன்னொன்றையும் கவனித்தேன். எம்.பி. என்று பதிந்திருந்த 22 கட்டைகளிலும் நாட்டின் குறியீடு, இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். என்றே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மெத்தில் புரோமைடு புகையூட்டல் 2010 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே இவை வெப்பப் பதனம் செய்யப்பட்டவையும் அல்ல, ஐரோப்பிய பேலட்டுகளும் அல்ல. அதே அளவில் நம் நாட்டில் செய்யப்பட்டவை. நம் நாட்டுப் பேலட்டில் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. அதை ஐரோப்பியப் பைன் விலைக்கு வாங்கியதில்தான் எனக்கு வருத்தம்.

புகையூட்டிய வாயுவின் பெரும்பகுதி காற்றோட்டத்தில் கலைந்துவிடும் என்பதை நான் அறிவேன். ஆகவே இந்தப் பலகைகள் நஞ்சு என்று கூக்குரலிட வரவில்லை. ஆனால் நான் செய்யும் மேசையில் பிள்ளைகள் கன்னத்தை வைத்துத் தூங்குகிறார்கள். 'வெப்பத்தால் மட்டுமே பதனம் செய்யப்பட்ட மரம்' என்று ஒவ்வொரு மேசைக்கும் என் கைப்பட எழுதிக் கொடுக்கிறேன். தங்கள் சரக்கை நம்பி அந்த வரியை எழுதினால் நானும் பொய்யனாகிறேன். இது தவிர, 14 நீளப் பலகைகளில் எண்ணெய் போன்ற ஏதோ ஒன்று ஆழமாக ஊறி, இழைத்த பிறகும் நெடி வீசியது. பேலட்டில் என்ன சிந்தியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அப்படிப்பட்ட பலகையை விறகுக்குக்கூடத் தரக் கூடாது என்பது தரம் பிரிப்பவர் கண்ணால் பார்த்தும் மூக்கால் முகர்ந்தும் செய்ய வேண்டிய முடிவு.

அடுத்தது ஆணி. பேலட்டில் அடிக்கப்படுவது சாதாரண ஆணி அல்ல. தண்டில் முறுக்கோ வளையமோ உள்ள ஆணி. அது மரத்தைக் கவ்விப் பிடிக்கும். கடப்பாரையை மட்டும் செருகி நெம்பினால் ஆணி வருவதற்கு முன் 22 மில்லிமீட்டர் பலகையின் நுனி பிளந்துவிடும். அதனால்தான் பலகைக்கும் கட்டைக்கும் இடையில் முன்பின் ஓடும் மின்ரம்பத்தை நுழைத்து, இரும்பும் மரமும் அறுக்கும் பிளேடால் ஆணித் தண்டை அறுத்துவிடுகிறோம். அதன் பிறகு பலகையில் தங்கியிருக்கும் துண்டைப் பின்பக்கத்திலிருந்து பஞ்ச் என்ற இரும்புக் கம்பியை வைத்துத் தட்டி, தலை மேலே எழும்பியதும் ஆணிப்பிடுங்கியால் இழுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் நேரம் போகும். நான் தனியாகச் செய்த நாட்களில் ஒரு பேலட்டுக்கு அரை மணி நேரம் ஆனால், அதில் பாதி இந்தத் தட்டலுக்கே சரியாகப் போகும்.

தங்கள் பணியாளர்கள் அந்தப் பாதியைத் தவிர்ப்பதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆணியின் தலையைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்டை மரத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் மிளகளவு கறுப்புப் புள்ளி மட்டுமே தெரியும். அதை மரத்தின் கணு என்று நினைத்து, 'ஆணி நீக்கியது, இழைக்கத் தயார்' என்ற தங்கள் பட்டியலின் வாசகத்தையும் நம்பி, மூன்றாவது பலகையை இழைப்பு இயந்திரமான பிளேனரில் விட்டபோது பிளேடு இரண்டும் பல்லுடைந்தன. தெறித்த இரும்புத் துணுக்கு பையனின் கண்ணாடியில் பட்டுக் கீறியது. அவன் கண்ணாடி போட்டிருந்தான் என்பதால் இது புகார்க் கடிதமாக இருக்கிறது. இல்லையென்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதாகியிருக்கும்.

அன்றே வேலையை நிறுத்தினேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, எல்லாப் பலகைகளின் மீதும் மெல்ல நகர்த்திப் பார்த்தோம். 63 நீளப் பலகைகளிலும் 21 குட்டைப் பலகைகளிலும் காந்தம் திரும்பி ஒட்டியது. 93 நீளப் பலகைகளின் நுனிகள் ஒரு சாண் அளவுக்குப் பிளந்திருந்தன. அவை ரம்பமே காணாமல் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டவை. கட்டுகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் இறுக்கியிருந்ததால் உள்ளே ஈரம் தங்கி, சில பலகைகளில் பூஞ்சையால் நீலம் பாய்ந்திருந்ததை ஒரு சிறு குறையாக மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

03.10.2025 அன்று தாங்கள் அனுப்பிய மறுமொழியில் மூன்று செய்திகள் இருந்தன.

பயன்படுத்திய பொருட்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படும் என்று பட்டியலின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மரத்தில் கீறலோ, நிறம் மங்கலோ, கோணலோ இருந்திருந்தால் அந்த வரியை மதித்து நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அதே பட்டியலின் முன்பக்கம் ஹெச்.டி. என்றும் ஆணி நீக்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கம் கொடுத்த வாக்கைப் பின்பக்கத்துப் பொடி எழுத்தால் திரும்பப் பெற முடியாது.

பழைய முத்திரைகளை அழிப்பது ஐ.எஸ்.பி.எம். விதிப்படியே செய்யப்படுகிறது என்பது இரண்டாவது விளக்கம். பேலட்டை மறு உருவாக்கம் செய்து, மீண்டும் பதனம் செய்து, புதிய முத்திரையுடன் ஏற்றுமதிக்கு அனுப்பும்போது பழைய முத்திரையை அழிக்க வேண்டும் என்று விதி சொல்வது உண்மையே. என் பட்டறைக்கு வந்த கட்டைகள் மறுபடி பதனம் செய்யப்படவும் இல்லை, புதிய முத்திரை பெறவும் இல்லை, கப்பல் ஏறவும் இல்லை. தவிரவும், விதிக்காக அழித்திருந்தால் எண்பதையும் அழித்திருக்க வேண்டும். 24ஐ மட்டும் தேர்ந்தெடுத்து அழித்ததற்கு விதியில் இடமில்லை.

மூன்றாவதாக, குறையுள்ள 11 பேலட்டுகளுக்கு ஈடாக என் அடுத்த ஆர்டரில் கால் பங்கு தள்ளுபடி தருவதாகச் சொன்னீர்கள். இதை ஏற்க முடியாமைக்குக் காரணம் வீம்பு அல்ல. எந்தப் பலகை எந்தப் பேலட்டிலிருந்து வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கலந்து, நீளம் பார்த்துக் கட்டியிருக்கிறீர்கள். ஒழுங்கான 17 பேலட்டுகளின் பலகைகளும் அந்தக் கட்டுகளுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு குடம் பாலில் சில துளி அழுக்கு நீர் விழுந்தாலும் குடத்தைத்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே முழுச் சரக்கையும் திருப்பி எடுத்துக்கொள்வது ஒன்றே தீர்வு.

நான் கோருவது இதுதான்: 40 பேலட்டுகளுக்கான விலை 26,000 ரூபாய், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத்துக்கு நான் கொடுத்த வண்டி வாடகை 3,800 ரூபாய், பிளேனர் பிளேடுகளின் விலை 1,900 ரூபாய், ஆக மொத்தம் 31,700 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். கட்டைகளைத் துடைத்த நேரத்துக்கும் காந்தம் பிடித்த நேரத்துக்கும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கைவிட்ட நான்கு மேசை ஆர்டர்களுக்கும் நான் கணக்கு எழுதவில்லை. இதே நாட்களில் தங்களிடம் பிரித்த பலகை வாங்கிய மற்றவர்களுக்கும், பலகைக்குள் ஆணித் தண்டு இருக்கக்கூடும் என்று உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட இதை அவசரமாகக் கேட்கிறேன். எல்லோருடைய பட்டறையிலும் கண்ணாடி போட்ட பையன் இருக்க மாட்டான்.

குறித்த நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். நான் வியாபாரி, நுகர்வோர் அல்ல என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று அதே சட்டம் விளக்கம் தருவதை அவரிடம் எடுத்துக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலின் நகல், வண்டி வாடகை ரசீது, பிளேடு வாங்கிய ரசீது, கட்டைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். எம்.பி. முத்திரையுள்ள 22 கட்டைகளையும் தேய்க்கப்பட்ட 24 கட்டைகளையும் தனி மூட்டைகளில் கட்டி வைத்திருக்கிறேன். பணம் வந்து சேரும்வரை அவை மட்டும் என் பொறுப்பில் இருக்கும். மற்றவை தார்ப்பாய் போட்டு பட்டறை வாசலில் அடுக்கப்பட்டுள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வண்டி அனுப்பினால் இரு தரப்புக்கும் நல்லது. தெரு குறுகலானது என்பதால் பெரிய லாரி உள்ளே வராது. சிறிய வண்டியாகக் காலை எட்டு மணிக்குள் அனுப்பினால் ஏற்றிவிட நாங்கள் இருவரும் கை கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தச்சுப் பட்டறை உரிமையாளர், வாலாஜாபாத்.