செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: விபத்து நோட்டும் ஒரு வேகத்தடையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

01.04.2024 முதல் 31.03.2025 வரையிலான நம் நகர நலச் சங்கத்தின் அறிக்கையைப் பொதுக்குழுவுக்கு முன்பே சுற்றுக்கு விடுகிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று சிலர் சொன்னார்கள். இந்த முறை சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் வழக்கமானவை. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பொங்கலுக்குக் கோலப் போட்டி, மூன்று பரிசுகள். மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுப் படிவங்கள் தாமதக் கட்டணம் இல்லாமல் தாக்கலாகிவிட்டன. செயற்குழு பன்னிரண்டு முறை கூட்டப்பட்டது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், சேர்ந்தது ஏழு முறை.

உறுப்பினர் பதிவேட்டில் 112 பெயர்கள் உள்ளன. சந்தா கட்டியவர்கள் 41 பேர். வருடத்துக்கு 300 ரூபாய், அதாவது மாதம் 25 ரூபாய், இரண்டு டீக் காசு. ரசீது புத்தகத்தோடு நான் தெருவில் வருவதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர்களும் அந்த 112இல் இருக்கிறார்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி விபத்து நோட்டு.

போக்குவரத்துக் கழகத்தில் 26 வருடம் நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்தவன் நான். வண்டி எண், வந்த நேரம், போன நேரம் என்று எழுதிப் பழகிய கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருப்பதில்லை. நம் ஊர் திருச்சி – சென்னை நாற்கரச் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு 45ஆம் எண் சாலை, இப்போது விழுப்புரத்துக்குத் தெற்கே 38. பைபாஸ் வந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது விழுகிறார். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மருந்துக்கடையில் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதற்காகத்தான் 200 பக்க லாங் சைஸ் நோட்டு மூன்று வாங்கி, பேருந்து நிலைய டீக்கடை, சாலையின் நடுத் தடுப்பில் (மீடியனில்) உள்ள திறப்புக்கு அருகில் இருக்கும் மெக்கானிக் கடை, மருந்துக்கடை ஆகிய மூன்று இடத்தில் வைத்தேன். தேதி, நேரம், இடம், எதோடு எது மோதியது, வெளிச்சம் இருந்ததா, ஹெல்மெட் இருந்ததா என்று ஆறு கட்டங்கள். ஞாயிறு மாலைகளில் மூன்றையும் வாங்கி வந்து மூல நோட்டில் ஏற்றுவேன். மெக்கானிக் தம்பி எழுதியதைப் படிக்கத்தான் கொஞ்சம் பாடு. நேரம் என்ற கட்டத்தில் ‘சீரியலுக்கு முன்னாடி’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்.

இது எதற்கு, போலீஸ் பார்க்கிற வேலையை நீர் ஏன் பார்க்கிறீர் என்று செயற்குழுவில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடத்தைக் ‘கரும்புள்ளி’ என்று அரசு ஏற்றுக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்து உயிர் போயிருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு எதிரே மீடியனை யாரோ உடைத்துப் போட்ட திறப்பு இருக்கிறதே, அங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் முட்டி சிராய்ந்து எழுந்து போகிறார்கள். ஆகவே அது கரும்புள்ளி இல்லை. ஐந்து பேர் சேரட்டும் என்று காத்திருப்பதா? விழுந்து எழுந்தவனைக் கணக்கில் வைத்தால் எழாமல் போகப்போகிறவன் விழும் இடம் முன்கூட்டியே தெரியும். நோட்டு அதற்குத்தான்.

மொத்த எண்ணிக்கையை இந்த அறிக்கையில் வேண்டுமென்றேதான் போடவில்லை. போன வருடம் போட்டேன். காவல் நிலையக் கணக்கோடு பொருந்தவில்லை என்று பொதுக்குழுவில் முக்கால் மணி நேரம் அதிலேயே போனது. அவர்கள் எண்ணுவது வழக்கு, நான் எண்ணுவது விழுந்தவர்கள். எப்படிப் பொருந்தும்? நோட்டு என் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதுவரை யாரும் வரவில்லை.

அதில் தெரிவது இதுதான். சென்னை போகிற ஆம்னி பஸ்தான் நம்மை அடிக்கிறது என்று ஊரே பேசுகிறது. நோட்டில் பாதிக்கு மேல் நம் ஊர் இருசக்கர வண்டிகளே. திறப்பில் குறுக்கே நுழைந்தவர்கள், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்தடத்தில் வந்தவர்கள். நேரத்தைப் பார்த்தால் விளக்கு வைத்த பிறகு, ஒன்பது மணிக்குள். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையும் மாலை 6 முதல் 9 வரைதான் நாட்டில் அதிக விபத்து என்கிறது. அதே அறிக்கையில், இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். உயிரிழப்பு 17,884, அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

தை, மாசியில் நோட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்புகின்றன. காரணம் மக்காச்சோளம். சர்வீஸ் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போடுகிறார்கள். களம் இல்லாதவன் எங்கே போவான் என்பது எனக்கும் தெரியும், சோளத்தின் மேல் கோபமில்லை. ஓரத்தில் வரிசையாக வைக்கிற கருங்கல்தான் பிரச்சினை. சோளத்தை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் கல்லை விட்டுவிட்டுப் போகிறார்கள். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. பொருளாளரும் நானும் இரண்டு நாள் சைக்கிள் கேரியரில் வைத்து அப்புறப்படுத்திய கற்களைக் கொண்டு ஒரு சின்னச் சுவரே கட்டியிருக்கலாம்.

சமயபுரம் பாதயாத்திரை போகிறவர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். இதற்கு நல்ல ஒத்துழைப்பு இருந்தது, பக்தர்களிடமிருந்து.

அடுத்தது வேகத்தடை. இதில் என் பெயர் அடிபட்டதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நோட்டின் நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். கேட்டது மூன்று: உடைத்த திறப்பை அடைப்பது, அந்த இடத்தில் விளக்கு, பெண்கள் பள்ளித் திருப்பத்தில் விதிப்படி ஒரு வேகத்தடை. முதல் இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கடிதம் வந்தது. மூன்றாவது மட்டும் ஒரே இரவில் நிறைவேறியது. விடிகாலை நடைப்பயிற்சிக்குப் போனவன் பார்த்தேன், சாலைக்குக் குறுக்கே தாரில் ஒரு திண்ணை. வீட்டுக்குத் திரும்பி வந்து தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்ன அளவின்படி, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நம்முடையது அகலம் இரண்டடி சொச்சம், உயரம் முக்கால் சாண். வெள்ளைக் கோடு இல்லை, முன்னால் பலகை இல்லை, மேலே விளக்கும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு ஏழேகாலுக்கு ஒரு தம்பதி விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த யாருக்கோ சாப்பாடு கொண்டு போனவர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தூக்குவாளி சாக்கடை ஓரம் வரை உருண்டு கிடந்தது, சாலை முழுக்க ரசம். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிவு. அன்று இரவு நோட்டில் எழுதினேன். எதோடு மோதியது: வேகத்தடை. பிறகு ஓரத்தில், கட்டம் இல்லாத இடத்தில், ‘கேட்டது நாம்’ என்றும் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் அதற்குச் ‘செயலாளர் மேடு’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. மனு கொடுக்க என்னோடு வர ஆளில்லை, பெயர் வைக்க மட்டும் இருபது பேர். சரி போகட்டும். அன்று விடிகாலை நாலரைக்குப் பொருளாளர் டார்ச் பிடிக்க, நான் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். அந்த 2,340 ரூபாய் பில்லுக்கு முன் அனுமதி பெறவில்லை என்று செயற்குழுவில் ஆட்சேபணை பதிவாகியிருக்கிறது. உண்மைதான், பெறவில்லை. கோரம் சேரும் வரை காத்திருந்தால் இன்னும் நாலு பேர் விழுந்திருப்பார்கள். பிறகு பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எந்த அளவின்படி இது போடப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாளுக்குள் ‘தகவல் ஏதும் இல்லை’ என்ற தகவல் வந்தது. அதையே இணைத்து இரண்டாவது மனு. பிப்ரவரியில் மேட்டைச் சீவி, இரு பக்கமும் சரிவை நீட்டி, கோடு போட்டுக் கொடுத்தார்கள். இப்போது பால்காரர் கேனோடு ஆடாமல் அசையாமல் போகிறார். அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, குழுவில் ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

மனு எழுதி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்காக ஒன்று. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் 2014இல் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு குழுவை நீதிமன்றம் அமைத்தது. நம் மனு அவ்வளவு பெரியது இல்லை, ஆனால் நடைமுறை ஒன்றுதான்.

பிள்ளைகள் சாலையைக் கடக்கும் நேரத்தில் பள்ளி வாசலில் முறை வைத்து நிற்கும் பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை நின்றால் போதும். தொடர்ந்து வந்தவர்கள் மூவர், அதில் ஒருவன் நான். ஒளிரும் மேலங்கி ஆறு வாங்கினோம், திரும்பி வந்தவை இரண்டு. ஒன்று ஏரிக்கரைச் சோளக்கொல்லையில் பொம்மைக்குப் போட்டிருக்கிறது. இரவில் பார்த்தேன், நன்றாகவே ஒளிர்கிறது. முறைப் பணிக்கு வராத உறுப்பினர் ஒருவரின் மகன் பதினொன்றாம் வகுப்பு, தங்கையைப் பின்னால் வைத்து ஸ்கூட்டரில் தினமும் நம்மைத் தாண்டித்தான் போகிறான். 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. பெயர் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. மெக்கானிக் தம்பியே ஒருமுறை 108ஐ அழைத்துவிட்டு ஷட்டரை இறக்கிக்கொண்டார். உதவுகிறவர் தன் பெயரைச் சொல்லக்கூடத் தேவையில்லை என்று சட்டம் வந்துவிட்டது. இதே சாலையில், மேல்மருவத்தூரில், 18.12.2021 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. இதைத் துண்டறிக்கையாக அடித்து டீக்கடைகளில் ஒட்டினோம். அந்தத் தம்பி இப்போது கடையில் ஒரு ஸ்ட்ரெச்சர் துணி வைத்திருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது என்று பொதுவாகச் சொல்லலாம். சில தலைப்புகளில் கொஞ்சம் கூடியிருக்கிறது, சிலவற்றில் கையிலிருந்து போட்டதைக் கணக்கில் ஏற்றவில்லை. வவுச்சர்கள் பைலில் உள்ளன.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பேரூராட்சி, காவல் துறை, 108 ஊழியர்கள், நோட்டு வைக்க இடம் கொடுத்த மூன்று கடைக்காரர்கள், மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தவர்கள், கோலப் போட்டிக்குப் பரிசளித்த பாத்திரக்கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. எனக்கு முழங்கால் முன்போல் இல்லை, சர்க்கரையும் இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் அன்றே மூல நோட்டைக் கொடுத்துவிடுவேன். கட்டங்கள் புரியாவிட்டால் முதல் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவும் தயார். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும், நான் எதையும் கேட்கப்போவதில்லை. மண்டபத் திறப்பில் விளக்கு வரும் வரை விட்டு விட்டு மின்னும் ஒரு மஞ்சள் சோலார் பிளிங்கர் வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். கம்பம், அடித்தளம் சேர்த்து 19,500 ரூபாய் சொல்கிறார்கள். சந்தா கட்டாதவர்கள் 71 பேர், ஆளுக்கு 300 வீதம் 21,300. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். ரசீது புத்தகம் கூட்ட அரங்கின் வாசல் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்

பின்குறிப்பு: கூட்டத்துக்கு வருபவர்கள் திறப்பு வழியாகக் குறுக்கே நுழையாமல், பாலத்தடியில் சுற்றி வரவும். ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல்தான். போன பொதுக்குழுவுக்கு எதிர்த்தடத்தில் வந்த ஒன்பது வண்டிகளின் எண்களும் நோட்டில் இருக்கின்றன. தாமதமாக வந்தாலும் டீ இருக்கும், ஃபிளாஸ்க்கில் சொல்லியிருக்கிறேன்.