குறைத்த எடை திரும்பாதிருக்க

ஆசிரியருக்கு,
உடல் பருமன் குறித்த தங்கள் தலையங்கம் எடையைக் குறைக்கும் வழிகளை விரிவாகப் பேசியது. குறைத்த எடையைத் தக்கவைப்பதையோ ஒரே வரியில் முடித்துவிட்டது. கடினமான பகுதி அதுதான். எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசி கூடுகிறது; எனவே ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ விளம்பரங்களை நம்பிப் பட்டினி கிடப்போர், பழைய உணவுக்கு மீண்டதும் பழைய எடைக்கே மீள்வது வியப்பன்று. வாரம் அரை முதல் ஒரு கிலோ வரை குறைத்து, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படத் தொடங்கும்.

எடையைத் தக்கவைக்க உதவும் நடை, மலைவாசிகளுக்குத் தானாக வாய்க்கும் என்பது சமவெளியினரின் எண்ணம். இங்கும் இப்போது தெருமுனைக்கே வண்டிதான். குன்னூரில் மேட்டுப் பகுதியில் வசிக்கும் நான், கடைவீதிக்குப் படியிறங்கிச் சென்று காய்கறிப் பையுடன் ஏறி வருவதை வழக்கமாக்கிய பிறகே, குறைத்த எடை சில ஆண்டுகளாகக் கூடாமல் நிற்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வருவோர், எடையையும் இடுப்புச் சுற்றளவையும் மாதந்தோறும் குறித்து, எடை குறைந்த பின்னரும் இரண்டு ஆண்டுகளேனும் அப்பதிவைத் தொடர நலவாழ்வுத் துறை ஆவன செய்யலாம்.

– வாசகர், குன்னூர், நீலகிரி