இது யார் குரல் என்று அப்பத்தா கேட்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடிகர் எம்.எஸ்.பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2025-இல் தேசிய விருது கிடைத்தபோது வந்த கட்டுரைகளை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்போதே எழுத நினைத்தது, வீட்டு வேலையில் தள்ளித் தள்ளிப் போய் இன்றுதான் உட்கார முடிந்தது. எல்லாரும் 'பார்க்கிங்' பற்றி எழுதினார்கள், 'மொழி' படத்தில் 1984-லேயே நின்றுபோன அந்தப் பேராசிரியரைப் பற்றி எழுதினார்கள், பழசை மறக்காதவர்கள் சன் டிவியில் வந்த 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மனிதர் டப்பிங் தியேட்டர் இருட்டில் நின்று அடுத்தவர் வாய்க்குத் தன் குரலைக் கொடுத்த காலம் மட்டும், நான் படித்தவற்றில் எல்லாம், 'டப்பிங் கலைஞராகவும் இருந்தவர்' என்கிற அரை வரியில் முடிந்துபோனது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் அப்பத்தாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பத்தாவுக்குக் கண் தெரியாது. கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடிப்பதற்குள் பார்வை போய்விட்டது, பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் "சீரியல் பாக்கணும், போட்டுவிடு ஆத்தா" என்பார். வலது காதுதான் நன்றாகக் கேட்கும் என்பதால் வளவுத் தூணில் சாய்ந்து டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார், மடியில் முறம், முறத்தில் சின்ன வெங்காயம். கை உரித்துக்கொண்டே இருக்கும். யாராவது புதிதாகப் பேசினால் மட்டும் கை நிற்கும். அந்தக் கை நிற்பதைப் பார்த்துத்தான் கதையில் புது ஆள் வந்திருக்கிறது என்று நானே சில நாள் நிமிர்ந்து பார்ப்பேன்.

'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் நெஞ்சுவலி வந்து இறந்தார். அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எங்களுக்கு வேறு முகம், சரி, இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அவரும் எங்கள் பக்கத்துச் சீமைக்காரர், நல்ல நடிகர். ஆனால் அப்பத்தா அன்று முறத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "குணசேகரன் போயிட்டான் ஆத்தா, இது வேற மனுசன்" என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். அவருக்கு அந்த மனிதர் முழுக்க முழுக்கக் குரல்தானே.

இப்போது பாஸ்கர் விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெலுங்கிலிருந்து வந்த டப்பிங் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். "ஏ, பட்டாபி பேசுறான் பாரு" என்று அப்பத்தா கூப்பிட்டார். வந்து பார்த்தால் திரையில் எனக்குத் தெரியாத ஒரு தெலுங்கு நடிகர். "இல்லை அப்பத்தா, இது வேற ஆள்" என்றேன். "ஆளு வேறயா இருக்கட்டும், பேசுறது அவன்தான்" என்று அடித்துச் சொன்னார். சரி, கடைசியில் பெயர் போடும்போது பார்த்துச் சொல்கிறேன் என்று காத்திருந்தேன். படம் முடிகிற நேரத்தில் விளம்பரம் போட்டு, அப்படியே அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். இணையத்தில் தேடினேன், அதிலும் நடித்தவர்கள் பெயர் இருந்தது, பேசியவர்கள் பெயர் இல்லை. சேனலுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அப்பத்தா சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐயா, என் கடிதத்தின் விஷயமே இதுதான். ஒருவர் இரண்டரை மணி நேரம் சிரித்து, அழுது, கத்தி ஒரு படத்தையே தமிழில் பேச வைத்திருக்கிறார், அவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி கிடையாது.

குரல் கொடுப்பது சும்மா படித்துவிட்டுப் போகிற வேலை இல்லை. தெலுங்கில் 'வத்து' என்று ஒருவர் சொல்கிறார், நமக்கு அது 'வேண்டாம்'. ஆனால் 'வத்து' சொன்னவரின் உதடு குவிந்து, திறந்தபடி முடியும், நம் 'வேண்டாம்' உதட்டை மூடி முடிகிற சொல். அங்கே 'விடு' என்று போட்டால் வாயில் உட்காரும். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ப, ம, வ எங்கே விழுகிறது என்று பார்த்து எழுத வேண்டும், அதை மைக் முன்னால் நின்று, ஹெட்போனில் மூலத்தைக் கேட்டுக்கொண்டே, திரையில் இருப்பவர் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் மூச்சு வாங்கிப் பேச வேண்டும். இதற்கு லிப் பிடிப்பது என்று பெயர். ஓடுகிற காட்சியில் நடிகர் ஓடிவிட்டார், இவர் நின்ற இடத்தில் நின்றபடி இரைக்க வேண்டும்.

எங்கள் தெருவிலேயே இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன். இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் படப்பிடிப்புக்கு விடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான், தூணும் முற்றமும் ஆத்தங்குடிக் கல்லும் வேண்டும் என்று வருகிறவர்கள். ஒரு சீரியலுக்கு நாலு வீடு தள்ளி நாலு நாள் எடுத்தார்கள். கதாநாயகி வேற்று மாநிலத்துப் பெண், தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஒரு உதவி இயக்குநர் பையன் ஜன்னலுக்குக் கீழே குத்த வைத்துக்கொண்டு வசனத்தைச் சத்தமாகச் சொல்ல, அந்தப் பெண் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அழுதது. நன்றாகத்தான் அழுதது, குறை சொல்லவில்லை. ஆனால் சில மாதம் கழித்து அதே காட்சி டிவியில் வந்தபோது, "எங்க அப்பச்சி இருந்திருந்தா என்னைய இப்படி விட்டுருப்பாகளா" என்று ஒரு குரல் இந்த ஊர்ப் பேச்சிலேயே உடைந்து அழுதது பாருங்கள், அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "இந்தப் புள்ள எந்த ஊரு?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? முகத்துக்கு ஊர் தெரியும். குரலுக்குப் பெயரே தெரியாது.

இந்தக் கலைக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள சொந்தம் நிறையப் பேருக்குத் தெரியாது. காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன்தான் 1943-இல் கன்னடத்தில் வந்த 'ஹரிச்சந்திரா' படத்தை 1944-இல் தமிழ் பேச வைத்து வெளியிட்டார், இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப்பிங் ஆன முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்புறம்தான் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியதும், 1947-இல் 'நாம் இருவர்' வந்ததும், கோடம்பாக்கத்துக்குப் போனதும். ரஸ்தா வழியாக பஸ் போகும்போது என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

பாஸ்கர் 1957-இல் முத்துப்பேட்டையில் பிறந்தவர். எங்கள் பள்ளத்தூரில் வளர்ந்து 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடை ஏறிய மனோரமா ஆச்சி பிறந்த மன்னார்குடியும் அந்தப் பக்கம்தான், அந்த மண்ணில் என்னவோ இருக்கிறது என்று நான் நினைப்பது உண்டு. பாஸ்கரும் நாடகத்திலிருந்து வந்தவர். 1987-இல் விசு படத்தில் ஒரு சின்ன வேடம். 'மொழி' வந்தது 2007-இல். நடுவில் இருபது வருடம். அந்த இருபது வருடத்தில் அவர் கையில் இருந்தது சின்னச் சின்ன வேடங்களும் டிவியும் டப்பிங்கும்தான். 'மொழி'யில் மகன் இறந்ததை ஒத்துக்கொண்டு உடைந்து அழுகிற காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். நான் அப்பத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித்தான் கேட்டேன். ஒரு சொல்லும் நசுங்கவில்லை, அழுகை மூச்சிலிருந்து வருகிறது. அந்த மூச்சு யார் யாருக்கோ பேசிப் பேசிப் பழகிய மூச்சு என்றுதான் என் காதுக்குப் படுகிறது. 68 வயதில் டில்லியில் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கியதை டிவியில் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் கை தட்டினோம். மகளும் டப்பிங் பேசுகிறார், மகன் நடிக்கிறார், ரொம்பச் சந்தோஷம்.

ஆனால் அவருக்கு விருது வந்தது முகம் காட்டியதற்கு. முகம் காட்டாமல் டப்பிங் பேசுகிறவர்களுக்குத் தேசிய விருதில் ஒரு பிரிவே கிடையாது. தமிழக அரசு விருதில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று டப்பிங்குக்கு உண்டு, அதை மனதாரப் பாராட்ட வேண்டும். நடிகர் மோகனுக்குப் பேசியவர் எஸ்.என்.சுரேந்தர் என்பதும், நயன்தாராவுக்குப் பேசுகிற தீபா வெங்கட் நம் வீட்டு சீரியல்களில் பார்த்த அதே பெண் என்பதும் ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, தெரிந்ததால் யாருக்கும் படம் ரசிக்காமல் போகவில்லையே. அப்புறம் மற்றவர்கள் பெயரை மறைத்து என்ன ஆகப் போகிறது?

நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. டப்பிங் படமோ சீரியலோ, முதலில் நடிகர் பெயர் போடும்போதே அவருக்குக் கீழே குரல் யார் என்று போடட்டும், கண்ணால் படிக்கிற நேரம் அந்த எழுத்து திரையில் நிற்கட்டும். வாரம் ஒரு நாளாவது அந்தப் பெயர்களை வாயால் சொல்லட்டும், அப்பத்தா மாதிரி இருப்பவர்களுக்கு எழுத்தால் பிரயோசனம் இல்லை. உங்கள் பத்திரிகை டப்பிங் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது தமிழில் பேசியவர் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள், நான் கேட்டுக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. இந்தக் கடிதத்தோடு ஒரு தாளில், அந்தத் தெலுங்குப் படத்தின் பெயரையும், எங்கள் தெருவில் எடுத்த சீரியலின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு டப்பிங் யூனியனில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். முதலாவதில் பேசியது பட்டாபிதானா, இரண்டாவதில் அழுத அந்தப் பெண் எந்த ஊர் என்று விசாரித்துச் சொன்னால் போதும். அப்பத்தா இரண்டையும் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி, பள்ளத்தூர்