கட்டம் போட்டு நாடுகளை ஒப்பிடச் சொல்லாதீர்கள்

மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளுக்கு ஒப்புதல் தரும் பல்கலைக்கழகக் குழுவினருக்கு,

வணக்கம். மனித உரிமை, பன்முகத்தன்மை ஆகியவற்றில் இரு நாடுகளை ஒப்பிடும் ஆய்வேடுகளைப் புறத்தேர்வாளராகத் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அவற்றில் அடிக்கடி வரும் இணை. மாணவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் ஓர் அட்டவணை தவறாமல் வந்துவிடுகிறது: இடப்பக்கம் உரிமைகள், மேலே இரு நாடுகளின் பெயர்கள், கட்டங்களுக்குள் சரிக்குறியும் பெருக்கல் குறியும். அடியில் கூட்டிப் பார்த்து, எந்த நாடு முந்துகிறது என்று ஒரு வரி. கிரிக்கெட் ஸ்கோர்தான். மாணவர்களைக் கேட்டால் படிவத்தைக் காட்டுகிறார்கள். 'எதிர்பார்க்கும் ஒப்பீட்டு முடிவு' என்று முன்மொழிவுப் படிவத்திலேயே இடம் ஒதுக்கிக் கேட்கிறீர்கள். களத்துக்குப் போகுமுன்பே முடிவைச் சொல்லிவிட்ட ஒருவர், போன பிறகு அதற்குச் சாட்சி தேடாமல் வேறென்ன செய்வார்?

அந்தக் கட்டங்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்பதற்கு வீட்டுவசதி ஒன்றே போதும். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் இணைந்தது. தென்னாப்பிரிக்கா அதை ஏற்புறுதி செய்தது 2015-இல்தான். அட்டவணைப்படி நாம் 36 ஆண்டுகள் முந்திவிட்டோம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பு, வீட்டுவசதியை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாகத் தன் 26-வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. நம் அரசமைப்பின் நான்காம் பகுதியில் உள்ள வழிகாட்டு நெறிகளை, அதாவது அரசு பின்பற்ற வேண்டிய சமூக, பொருளாதார இலக்குகளை, நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாது என்று 37-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சரி, குறியை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுவிடலாமா? அதற்குள் அவசரம் வேண்டாம். 2000-இல் குரூட்பூம் வழக்கில், தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி ஏற்பாடு எதுவும் இல்லாத வீட்டுத் திட்டம் அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகெங்கும் சட்ட வகுப்புகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. வழக்குக்குப் பெயர் தந்த ஐரீன் குரூட்பூம் 2008-இல் இறந்தார். அப்போதும் அவர் குடிசையில்தான் இருந்தார். இந்தப் பக்கம், பம்பாய் நடைபாதைவாசிகளுக்காகத் தொடுக்கப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன அதே தீர்ப்பில், மழைக்காலம் முடிந்தபின் அவர்களை அப்புறப்படுத்தவும் வழிவிட்டது. இந்த நான்கு நிகழ்வுகளையும் எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது? இதைப் பின்தொடர்ந்தாலே ஒரு முழு ஆய்வேடு வரும். நம் மாணவர்களோ இதற்கு ஒரு குறியை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். மனித உரிமை ஆணையத்துக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையை இரு நாட்டுக்கும் அருகருகே எழுதி, எங்கே மீறல் அதிகம் என்று முடிவு கட்டுகிறார்கள். நம் தேசிய மனித உரிமை ஆணையம் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால், அச்சட்டப்படி அது விசாரிக்க முடியாது. தென்னாப்பிரிக்க ஆணையமோ அரசமைப்பிலேயே இடம்பெற்ற அமைப்பு. சட்டமும் அதிகாரமும் வேறுவேறாக இருக்கும்போது எண்களை மட்டும் எப்படிப் பக்கத்தில் வைப்பது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கும் அப்படியே. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையான ஒன்று மட்டுமே அதில் எண்ணப்படும். புகார் கூடுவதற்கு மீறல் கூடியது காரணமாக இருக்கலாம், மக்கள் துணிந்து காவல் நிலையப் படியேறியதும் காரணமாக இருக்கலாம்.

பன்முகத்தன்மை என்று வந்தால் மொழிக் கணக்கு. இந்தியாவுக்கு 22, தென்னாப்பிரிக்காவுக்கு 12 என்று எழுதி, இரண்டையும் ஆட்சிமொழி என்ற ஒரே தலைப்பில் போடுகிறார்கள். நம் 22, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள். ஒன்றியத்தின் ஆட்சிமொழிப் பட்டியல் அல்ல. அங்கே 12-ஆவதாக 2023-இல் சேர்ந்தது சைகைமொழி. தமிழ் மாணவருக்கு இதைவிடச் சுவையான செய்தி அங்கே உண்டு. அந்நாட்டு அரசமைப்பின் 6-வது பிரிவு, மதிப்புடன் பேணப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து டர்பன் போன கப்பலில் தொடங்கும் கதை அது. பெயர் இருப்பதைக் கண்டு பெருமைப்பட்டு நின்றுவிடாமல், டர்பனில் இன்று எந்த வீட்டில், எந்தத் தலைமுறை வரை தமிழ் புழங்குகிறது என்று விசாரித்த ஆய்வேடு ஒன்றாவது என் கைக்கு வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். அங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழர், குஜராத்தியர், இந்தி பேசியோரின் வழிவந்தோர் எல்லோரும் ஒரே இந்திய/ஆசியப் பிரிவுதான். அதற்குள் சாதி தெரியாது. அதே டர்பனில் 2001-இல் நடந்த இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில், சாதிப் பாகுபாட்டையும் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் வாதாடின. இந்திய அரசு எதிர்த்தது. சாதியையும் நிறத்தையும் ஒப்பிடலாமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. முன்மொழிவுகளில் இது பேச்சுக்குக்கூட வருவதில்லை.

இன்னொன்று. தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் பேட்டி எடுத்த குறிப்பைப் பின்னிணைப்பில் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒப்புதல் படிவம், கீழே கைநாட்டு, 'பேட்டியின்போது உடனிருந்தவர்' என்ற இடத்தில் ஒப்பந்தக்காரர். நெறியாளர் கையெழுத்திட்டிருக்கிறார், உங்கள் முத்திரையும் இருக்கிறது. அந்தப் பேட்டியில் கிடைத்த பதில்: 'எந்தக் குறையும் இல்லை.' அதை ஆய்வேடு தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

எனவே கேட்கிறேன். முடிவை முன்கூட்டிக் கேட்கும் அந்த இடத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பத்து உரிமைகளை மேலோட்டமாகத் தொடுவதற்குப் பதிலாக, ஓர் உரிமையைச் சட்டத்திலிருந்து தீர்ப்புக்கும், தீர்ப்பிலிருந்து தெருவுக்கும் இரு நாட்டிலும் பின்தொடர அனுமதியுங்கள். களத்திலிருந்து திரும்பியவர் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றக் கேட்டால், மறுபடியும் விண்ணப்பம், கட்டணம் என்று அலைக்கழிக்காதீர்கள். ஒப்புதல் படிவம் பேட்டி தருபவரின் மொழியில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்டியவர் யார் என்பதும் பதிவாகட்டும். வேலை கொடுப்பவர் உடனிருந்த பேட்டி ஏற்கப்படாது என்று ஒரு வரி சேருங்கள். முடிந்தால் இரு நாட்டு மாணவர்களை இணைத்து, ஒருவர் நாட்டை மற்றவர் ஆராய வையுங்கள். தன் வீட்டுக் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது ஆய்வாளருக்கும் பொருந்தும்.

அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் இவற்றைக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். மாற்றுப் படிவத்தின் வரைவு ஒன்று என்னிடம் தயாராக இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வேடுகளை மதிப்பிடும் ஒரு புறத்தேர்வாளர்